அம்மாவுக்கு வாங்கிய சாமான்கள்: மச்சில் ஏறியவை, கையில் நின்றவை

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மச்சில் கால் அமுக்குகிற இயந்திரம் ஒன்று கிடக்கிறது. தம்பி வளைகுடாவிலிருந்து வரும்போது விமானத்தில் எடைக்காசு கட்டித் தூக்கி வந்தது. அம்மா அதில் இரண்டு தடவை கால் வைத்தாள். மூன்றாவது நாள் "கூசுது, எடுத்து உள்ள வை" என்றாள். அவ்வளவுதான். அது வந்த அட்டைப்பெட்டியில் இப்போது சின்ன வெங்காயம் கிடக்கிறது. பெட்டியை மட்டும் அம்மா மனதாரப் பாராட்டுவாள்.

அதே மச்சில் மணி சொல்லும் கடிகாரம், கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச், முதுகுக்கு வைக்கிற மெத்தை, பிரிக்காத சால்வைகள் நான்கு. எல்லாம் அன்போடு வாங்கியவைதான். அதில் மூன்று நானே வாங்கியது. ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அம்மாவுக்கு 81 வயது. செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு 1956 நவம்பரில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பன்னிரண்டு வயசுப் பிள்ளை. யாராவது ஊரைக் கேட்டால் "நாங்க மகாராஜா ஊரு" என்று இன்றைக்கும் ஒரு நெட்டு நெட்டுவாள். நான் கட்டிக்கொடுக்கப்பட்டது மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். இடையில் ஐம்பது கிலோமீட்டர்தான். வாரம் ஒரு தடவை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்விடுவேன். அம்மா தனியாக இருக்கிறாள். "எங்கூட வா" என்றால் "சம்பந்தி வீட்டுல என்ன சோலி எனக்கு" என்பாள். அந்தப் பேச்சு அத்தோடு முடியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆனி மாதம், சாரல் நேரம். ஆரியங்காவு கணவாய் வழியாக அந்தக் காற்று வர ஆரம்பித்தால் எங்கள் ஊரில் தரை காயவே காயாது. அம்மா குளித்துவிட்டு எழுந்திருக்கும்போது கால் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். விழவில்லை. ஆனால் குழாய் வளைந்துவிட்டது. அதையும் அவளாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்து "குழாய் ஏன்மா இப்படிக் கோணலா இருக்கு" என்று கேட்டதற்கு, "பூனை ஏறியிருக்கும்" என்றாள். நல்ல பூனை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கொள்முதல். தீபாவளிக்குச் சேலை, ஓணத்துக்குக் கோடித்துணி என்று வழக்கமாகச் செய்வதை எல்லாம் நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு அன்றாடம் உபயோகப்படுகிற சாமானாக வாங்குவது என்று முடிவு செய்தேன். வாங்கியதில் பாதி வீண். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போலத் தூரத்தில் இருந்துகொண்டு பெற்றவர்களுக்குச் சாமான் வாங்கி அனுப்புகிறவர்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சட்டும்.

முதலில் குளியலறைக் கைப்பிடி. இதில் நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 450 ரூபாய்க்கு, சுவரில் ஒட்டுகிற ரப்பர் குவளை வைத்த கைப்பிடி ஒன்று வாங்கினேன். ஆணி வேண்டாம், துளை வேண்டாம், இரண்டு பக்கமும் நெம்புகோலை அமுக்கினால் போதும், உடும்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்று படம் போட்டிருந்தது. ஒட்டியது. நானே இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் குளியலறையில் படார் என்று சத்தம். திருடன் என்று நினைத்து அம்மா பக்கத்து வீட்டையே எழுப்பிவிட்டாள். போய்ப் பார்த்தால் கைப்பிடி தரையில் கிடக்கிறது. யார் கையும் படாமல் தானாக விழுந்தது. பிடித்துக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் மாமனார் படுக்கையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலி தணித்துப் பார்த்துக்கொள்கிறவர், ஒருவர் உண்டு. கேரளத்தில் 2008-லேயே இதற்கென்று அரசு தனியாகக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக வீட்டுக்கே நர்ஸ் வருகிற ஏற்பாடு இருக்கிறது. அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சேச்சி, அந்த ரப்பருக்கு சுவர் ஓடு வழவழப்பா, காஞ்சு, பெரிசா இருக்கணும். ரெண்டு ஓட்டுக்கு நடுவுல இருக்கிற கோட்டு மேல பட்டாலே காத்து உள்ள போயிரும்" என்றார். எங்கள் குளியலறை ஓடுகளோ நாலு அங்குலச் சதுரம். எங்கே ஒட்டினாலும் கோடுதான். சாரல் ஈரம் வேறு. துண்டு தொங்கவிடுகிற கம்பியை நம்புவதும் இதே கதைதான் என்றும் எச்சரித்தார். அது துண்டின் எடைக்கு என்று செய்தது, ஆள் எடைக்கு இல்லை.

பிறகு புனலூரில் ஒரு சர்ஜிக்கல் சாமான் கடையில் ஒன்றரை அடி நீள எவர்சில்வர் பிடிகம்பி வாங்கினேன். 680 ரூபாய். இரண்டு முனையிலும் வட்டத் தட்டு, தட்டுக்கு மூன்று திருகாணி. கம்பி கைக்குள் அடங்க வேண்டும். ரொம்ப ஒல்லியாக இருந்தால் வாத விரல் மடங்கிப் பிடிக்காது. சொரசொரப்பாகக் கோடு போட்டதும் இருந்தது, அதைத்தான் எடுத்தேன். ஈரக் கைக்கு அது நல்லது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கம்பியை எங்கே வைப்பது? எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். வந்த பிளம்பர் தம்பி அந்தக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளிக்கிற முக்காலியை வழக்கமான இடத்தில் போடச் சொன்னான். "ஆச்சி, நீங்க எப்பவும் போல உக்காருங்க. நான் சொல்லும்போது எந்திரிங்க. கை எங்க போவுதோ அங்க வைங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். கை நேராகக் குழாய்க்குப் போனது. இன்னொரு தடவை எழுந்திருக்கச் சொன்னான். மறுபடியும் குழாய்க்கே போனது. மூன்று தடவையும் அதே இடம், ஒரு விரல்கடை கூட மாறவில்லை. பத்து நாற்பது வருஷமாக அந்தக் கை அங்கேதான் போயிருக்கிறது. நான் வளைந்த குழாயைத்தான் பார்த்தேன், அது ஏன் வளைந்தது என்று யோசிக்கவில்லை. பிளம்பர் தம்பி அம்மாவின் உள்ளங்கை பட்ட இடத்தில் சுண்ணாம்பை வைத்துக் குறித்தான். குழாயைக் கொஞ்சம் தள்ளி மாற்றிவிட்டு, அந்த இடத்தில் கம்பியைச் சாய்வாகப் போட்டான்.

அதுவும் ஒரே நாளில் முடியவில்லை. ஓட்டுக்குப் பின்னால் பழைய சுண்ணாம்புச் சுவர். துளை போட்டால் மாவு மாதிரி கொட்டுகிறது. பிளாஸ்டிக் குமிழ் வைத்துத் திருகினால் கையோடு வருகிறது. கடைசியில் பதித்த ஓடு ஒன்றை உடைத்து, உள்ளே கொத்தி, சிமெண்டுக் கலவை வைத்து, அதில் ஆணியைப் புதைத்து, ஒரு வாரம் தொடாதே என்று சொல்லிப் போனான். கம்பி 680, கூலியும் சாமானும் 1,400. பரிசைவிட அதை மாட்டுகிற கூலி இரண்டு பங்கு. ஆனாலும் சொல்கிறேன், இந்த இரண்டு வருஷத்தில் நான் வாங்கியதிலேயே முதல் மார்க் இதற்குத்தான். மாட்டிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யாமல் கம்பியை மட்டும் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். அது அப்படியே மச்சுக்குப் போகும்.

அடுத்தது கமோடு ஸ்டூல். எங்கள் வீட்டில் புறவாசல் கழிப்பறை பழைய மாதிரி, குத்தவைத்து உட்காருவது. அம்மாவின் முழங்கால் அதற்கு இனி ஒத்துவராது. இடித்துக் கட்ட முப்பதாயிரம் கேட்டார்கள். அதற்குப் பதிலாக, மேலே வைத்துக்கொள்கிற நாலுகால் ஸ்டூல் 1,850 ரூபாய்க்குக் கிடைத்தது. அதைப் புனலூரிலிருந்து ரயிலில் தூக்கி வந்தேன். தென்மலை தாண்டி, பதின்மூன்று கண் பாலத்தை எட்டிப் பார்க்க ஜன்னலோரம் வந்த ஒரு குடும்பம், மடியில் கமோடு ஸ்டூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

அம்மா அதைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சீக்காளி நாற்காலிய எதுக்குட்டி கொண்டாந்திருக்க. நான் என்ன படுத்தா கெடக்கேன்?" இரண்டு மாதம் அது கோணியால் மூடிக் கிடந்தது. அதன் மேல் அரிசி களைந்த வாளியை வைத்திருந்தாள். பிறகு வாசுதேவநல்லூரிலிருந்து பெரியம்மா பத்து நாள் தங்க வந்தாள். பெரியம்மாவுக்கு 84 வயது, கூச்சம் என்கிற வஸ்துவே கிடையாது. கோணியை எடுத்தாள், கழுவினாள், உபயோகித்தாள். வெளியே வந்து தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "ஏட்டி, இம்புட்டு நாளும் இத மூடி வச்சிக்கிட்டா கால் வலிக்கின்னு அழுத? சிம்மாசனம் மாதிரில்லா இருக்கு" என்றாள். பெரியம்மா ஊருக்குப் போன பிறகு ஸ்டூல் மறுபடி கோணிக்குள் போகவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இதை வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று உயரம். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிய வேண்டும். கால் தொங்கினால் எழுந்திருக்கும்போது முன்னால் சாயும். காலில் துளைகள் இருக்கிற மாதிரி எடுத்தால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டாவது, காலடியில் இருக்கிற ரப்பர் குப்பி. அது தேய்ந்து உள்ளே இருக்கிற இரும்பு தரையில் பட ஆரம்பித்தால் வழுக்கும், துருவும். எங்களுக்கு ஒரே மழைக்காலத்தில் இரண்டு குப்பி போய்விட்டது. அதே கடையில் ஒன்று 30 ரூபாய். நாலு கூடுதலாக வாங்கி அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

குளியலறையில் போடுகிற வழுக்காத மிதியடி பற்றி ஒரே வரி. அடியில் உறிஞ்சு குமிழ் வைத்த ரப்பர் பாய் சொரசொரத் தரையில் ஒட்டாது, வழவழத் தரையில் ஒட்டினாலும் அடியில் சோப்பும் முடியும் சேர்ந்து பாசி பிடிக்கும். வாரா வாரம் தூக்கிக் கழுவிக் காயப்போட ஆள் இல்லாத வீட்டில் அதுவே எமன்.

ராத்திரி விளக்குக்கு வருகிறேன். அம்மா படுப்பது பட்டாசலில், அதாவது கூடத்தில். அங்கிருந்து ரெண்டாங்கட்டைத் தாண்டி, அடுக்களை ஓரமாகப் போய், ஒரு படி இறங்கினால்தான் புறவாசல். ஸ்விட்சு சுவரின் மறு கோடியில் இருக்கிறது. இருட்டில் பாதி தூரம் தடவிக்கொண்டு போனால்தான் விளக்கையே போட முடியும். யார் வைத்தார்களோ. உடம்புச் சூடு அசைவதைப் பார்த்துத் தானாக எரிந்து, அரை நிமிஷத்தில் அணைகிற சின்ன விளக்குகள் வருகின்றனவே, அதில் மூன்று வாங்கினேன். முதலில் வாங்கியது பிளக்கில் செருகுவது. சாரல் காற்றில் எங்கள் தெருவுக்குக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. விளக்கு தேவைப்படுகிற நேரத்தில்தான் அது செத்துக் கிடக்கும். மாற்றி, சார்ஜ் போடுகிற மாதிரி எடுத்தேன். ஒன்று 399 ரூபாய். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும், நான் போகும்போது கழற்றிப் போடுகிறேன்.

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. "ஏட்டி, யாரோ லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கா." பூனை. இந்தத் தடவை நிஜமாகவே பூனை. குறுக்கே நடக்கும்போதெல்லாம் எரிந்திருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது. ஒரு விஷயம் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். விளக்கைக் கண் உயரத்தில் ஒட்டாதீர்கள். தூக்கத்தில் எழுந்தவளுக்குக் கண் கூசி ஒரு நிமிஷம் ஒன்றுமே தெரியவில்லை. கட்டில் காலில், முழங்காலுக்குக் கீழே ஒட்டினேன். காலைத் தரையில் வைத்தவுடன் தரை மட்டும் தெரிகிறது. அதுதான் வேண்டும். வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சம் நல்லது, திரும்பி வந்து படுத்தால் தூக்கம் கெடுவதில்லை. படியில் ஒன்று, அடுக்களை மூலையில் ஒன்று. அம்மா அவற்றுக்குக் காவக்காரன் என்று பேர் வைத்திருக்கிறாள். "மூணாவது காவக்காரன் இன்னைக்கு வேலைக்கு வரல" என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கம்பு. இதில் தோற்றது நான். நாலு கால் வைத்த ஊன்றுகோல் 900 ரூபாய்க்கு வாங்கினேன். சமதரையில் நன்றாகத்தான் நிற்கிறது. எங்கள் தார்சா, அதாவது முன் தாழ்வாரத்துப் படி குறுகல், நாலு காலும் ஒரே படியில் அடங்குவதில்லை. ஒரு கால் அந்தரத்தில் நின்று ஆடுகிறது. பிறகு சாதாரண ஒற்றைக் கம்பாக, உயரம் மாற்றுகிற மாதிரி எடுத்தேன். அந்த நர்ஸ்தான் அளவு சொல்லிக்கொடுத்தார். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, அங்கே கம்பின் பிடி இருக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் கம்பு இடது கையில். எல்லோரும் வலிக்கிற காலுக்குப் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எல்லாம் சரியாகச் செய்து கொடுத்தேன். அம்மா கோயிலுக்கு அதை எடுத்துப்போக மாட்டாள். "கம்பு புடிச்சா எல்லாரும் என்னாச்சு என்னாச்சும்பா" என்பாள். வீட்டுக்குள் அதை வைத்து எட்டாத கிளையை வளைத்துச் செம்பருத்தி பறிக்கிறாள். கோயிலுக்குப் போக இப்போது நீளக் குடை. வெயிலில்லை, மழையில்லை, மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு போகிறாள். குடையின் முனை கூராக இருந்தது. கம்புக்கு விற்கிற ரப்பர் குப்பியில் சின்னதாக ஒன்றைப் பார்த்து அதில் மாட்டிவிட்டேன். குடை ஆள் எடைக்குச் செய்த சாமான் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவோடு எத்தனை சண்டைதான் போடுவது.

எதிர்வீட்டு ஆச்சிக்குக் கம்பும் காது மிஷினும் முகாமில் இலவசமாகக் கிடைத்தன. ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று மத்திய அரசுத் திட்டம், 2017-ல் நெல்லூரில் தொடங்கியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற, அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாத, 60 வயது தாண்டியவர்களுக்கு ஊன்றுகோல், நடைவண்டி, சக்கர நாற்காலி, கண்ணாடி, பல் செட் எல்லாம் அதில் உண்டு. தகுதி இருக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன் கலெக்டர் ஆபீஸில் முகாம் எப்போது என்று கேட்டுப் பார்க்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567-லும் கேட்கலாம். நான் அம்மாவின் போனில் அந்த எண்ணைப் போட்டு வைத்திருக்கிறேன்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. பெரிய பொத்தான் போன், பின்பக்கம் சிவப்பாக ஆபத்துப் பொத்தான். அமுக்கினால் சைரன் அடித்துவிட்டு நாலு பேருக்கு வரிசையாகப் போன் போகும். அம்மா அதைச் சுருக்குப்பைக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு பிரதோஷத்துக்குப் போயிருக்கிறாள். நந்திக்கு அபிஷேகம் நடக்கும்போது இடுப்பிலிருந்து சைரன். எனக்கும் இரண்டு தம்பிமாருக்கும் மதினிக்கும் போன். மதினி அழுதேவிட்டாள். இப்போது அந்தப் பொத்தானை அணைத்து வைத்திருக்கிறோம். மற்றபடி போன் நல்லதுதான். ஒன்றை அமுக்கினால் நான், இரண்டு பெரிய தம்பி, மூன்று சின்னவன், நாலு ஆட்டோக்காரர். நாலாம் நம்பர்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

மாத்திரைப் பெட்டியில் நான் ரொம்ப நம்பிக்கை வைத்திருந்தேன். ஏழு நாளுக்கு நாலு வேளை, 28 அறை. ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். புதன்கிழமை போன். "இதுல எது பிரஷருக்கு, எது சுகருக்கு? எல்லாம் வெள்ளையா இருக்கு." அம்மா மாத்திரையை அட்டையின் நிறத்தை வைத்துத்தான் அறிவாள். பச்சைக் கோடு போட்டது காலையில், ரோஸ் அட்டை ராத்திரி. அட்டையைப் பிரித்து எறிந்ததும் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. நாம் எதை முழுங்குகிறோம் என்று தெரியாமல் முழுங்க அவள் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லையே. போதாததற்குச் சில மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று மருந்துக் கடைக்காரரும் சொன்னார். அந்த அறை மூடிகளோ நகம் வைத்து நெம்பினால்தான் திறக்கும். இப்போது அட்டையோடு கத்தரித்து, காலைக்கு மஞ்சள் துணிப்பை, ராத்திரிக்கு நீலத் துணிப்பை. பழைய ரவிக்கைத் துணியில் நானே தைத்தது, செலவில்லை. 28 அறைப் பெட்டியில் ஊக்கும் கொக்கியும் பட்டனும் வகைவகையாக இருக்கின்றன. அதற்கு அது அருமையான பெட்டி.

அடுக்களையில் ஜெயித்தது இரண்டு. முதலாவது, குழாய் வைத்த எவர்சில்வர் பானை. குடிதண்ணீர்க் குடத்தைச் சாய்த்துச் செம்பில் ஊற்றும்போது அம்மாவுக்கு மணிக்கட்டு நடுங்கும், பாதி தரையில் போகும், அந்த ஈரத்தில் அவளே நடப்பாள். பானையை மேடையில் வைத்தாயிற்று. தண்ணீர் பிடிக்கிற பையன் அதிலேயே ஊற்றிவிட்டுப் போகிறான். அம்மா குழாயைத் திருப்பினால் போதும். முன்பு "எந்திரிச்சுப் போய்ச் சாய்க்கணுமே" என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தவள் இப்போது குடிக்கிறாள். பரிசு என்று ஜிகினாத்தாள் சுற்றிக் கொடுக்கிற மாதிரி சாமான் இல்லை இது. தென்காசியில் ஒரு பாத்திரக்கடையில் 1,100 ரூபாய். குழாயைத் திருகுகிற மாதிரி எடுக்காமல், மேலும் கீழும் தட்டுகிற மாதிரி எடுங்கள். திருகுவதற்கும் விரலில் பலம் வேண்டும்.

இரண்டாவது, மேடையில் ஒட்டி நிற்கிற தேங்காய் துருவி. கீழே உட்கார்ந்து துருவ முடியாமல் போனபின் அம்மா தேங்காய்ச் சில்லை மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். "அவியல்ல தேங்கா ருசியே வரல" என்று புலம்பல் வேறு. மின்சாரத் துருவி ஒன்று முதலில் வாங்கிக் கொடுத்து, அது போட்ட சத்தத்தில் அம்மா மூடியை விட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். நல்லவேளை. பிறகு வந்தது கையால் சுற்றுவது. அடியில் ரப்பர், பக்கத்தில் ஒரு நெம்புகோல். எங்கள் மேடை பழைய கடப்பாக் கல், மேடும் பள்ளமுமாக இருந்ததால் ஒட்டவே இல்லை. குளியலறைக் கைப்பிடி விழுந்த அதே கதை. இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. பளபளவென்று ஒரு கிரானைட் துண்டை 150 ரூபாய்க்கு வாங்கி, மேடை மேல் சிமெண்டு வைத்துப் பதித்துவிட்டேன். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவி ஒட்டினால் அசையாது. ஒரு மூடி தேங்காய் நாலு நிமிஷம். இடது கையால் மூடியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அது மட்டும்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் சிரமம்.

மூடி திறக்கிற கருவி என்று பற்சக்கரம் எல்லாம் வைத்து ஒன்று விற்கிறார்கள். அதைத் திறப்பதற்கே தனியாக ஒரு கருவி வேண்டும். பழைய சைக்கிள் டியூபை ஒரு சாண் வெட்டிக் கொடுத்தேன். ஊறுகாய் ஜாடியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் திறக்கிறது.

பெரியம்மாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஒரு ஓணத்துக்கு மண்டையைக் குடைந்தேன். அவளிடமே கேட்டேன். "காது மிஷினுக்கு பேட்டரி வாங்கித் தா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவளுடையது 13-ஆம் நம்பர், ஆரஞ்சு ஒட்டு ஒட்டியது. பத்து அட்டை வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒட்டைப் பிரித்தால் காற்று உள்ளே போய்ப் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், திரும்ப ஒட்டினாலும் பிரயோஜனமில்லை. இது தெரியாமல் அவள் பேரன் நல்லெண்ணத்தில் ஒரு அட்டையின் எல்லா ஒட்டையும் மொத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறான். பாட்டிக்கு நகம் வலிக்கக் கூடாதாம். பாவம், பிள்ளையை ஏசவும் முடியவில்லை.

போன ஞாயிறு நான் கிளம்பும்போது அம்மா புறவாசல் படியில் நின்றுகொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு காலைக் கீழே வைத்தாள். பிறகு அடுத்த கால். திரும்பிப் பார்க்காமலே, "குளிக்கிற இடத்துல போட்டியே ஒரு கம்பி, அது மாதிரி இங்கயும் ஒண்ணு போட்டா என்ன?" என்றாள். இரண்டு வருஷத்தில் அவளாக வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. பிளம்பர் தம்பிக்குப் போன் போட்டேன். அந்தச் சுவர் மண் சுவர், கம்பி நிற்காது, தரையில் குழி எடுத்துத் தூண்தான் நட வேண்டும் என்கிறான். வியாழக்கிழமை வருகிறான். அம்மாவை இரண்டு தடவை ஏறி இறங்கச் சொல்லிவிட்டுத்தான் குழி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "அதை நீங்க எனக்குச் சொல்லணுமாக்கா" என்றான்.